ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே

1

போன வாரம் இங்கிலாந்தில், எங்கள் லெஸ்டர் விளையாட்டுக் கூடத்தில் தன்னார்வலர்களுக்கு வருடாந்தர விருந்து வைத்தார்கள். விருந்து என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டு, பால் அதிகமான டீ, மூன்று பேர் பேச்சு. பேச்சுக்கு நடுவே சுவரில் படங்கள் காட்டினார்கள். அதில் மார்க்கையன்கோட்டை வந்தது. பள்ளிக்கூட மைதானம், பின்னால் மேற்கு மலை, சேலைக்கு மேலே நீல டீ-சர்ட் மாட்டிக்கொண்ட பெண்கள். ‘தேனி மாவட்டம்: நம் பயிற்சியின் வெற்றி’ என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்தப் பயிற்சியைக் கொடுத்தவள் நான்.

படத்தின் நடுவில் கழுத்தில் விசிலோடு கார்த்திகா நின்றாள். வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் பச்சைக் கண்ணாடி வளையல்களும் மட்டும் தெரிந்தன. அந்த முழங்கை என் மதினி, என் அண்ணன் மனைவியுடையது. அந்தக் குழுவுக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவர், மைதானத்துக்காக அலைந்தவர், வளையத்தை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுத்தவர் எல்லாம் அவர்தான். படத்தை வெட்டிய பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுந்து எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஆறு என்ற எண்ணிலிருந்து ஆரம்பித்து விளக்க வேண்டும், இந்தக் கூட்டத்துக்கு அதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. உங்களுக்கென்றால் பாதி சொன்னாலே புரியும். அதனால்தான் ஊருக்கு எழுதுகிறேன்.

2

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விளையாட்டுக் கூடத்தின் முன்மேசையில் வேலை. நீச்சல்குளம் எப்போது திறக்கும், செருப்பை எங்கே விடுவது, தொலைந்துபோன துண்டு கிடைத்ததா என்று நாள் முழுவதும் கேட்பார்கள், சொல்வேன். வியாழக்கிழமை மதியம் மட்டும் மேசையை விட்டு எழுந்து, வயதான தமிழர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி வகுப்பு நடத்துவேன். சும்மாதான் செய்கிறேன். ஆனால் சும்மா செய்வதற்கும் ஒரு பயிற்சி, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ், குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் எல்லாம் வேண்டும். ஒரு பெரியவரிடம் கையைத் தூக்குங்கள் என்று சொல்ல இந்த நாட்டில் இத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

அந்தப் பயிற்சியை நடத்தும் அறக்கட்டளைக்கு ஓர் ஆசை வந்தது. இங்கே குடியேறியவர்கள் தங்கள் சொந்த ஊர்களிலும் இதே மாதிரி விளையாட்டுக் குழுக்களை ஆரம்பிக்கட்டும், பயிற்சியும் காப்பீடும் நாங்கள் தருகிறோம் என்றார்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். என் மகள் நிவேதா, கல்லூரியில் படிக்கிறவள், “நீ அங்கே போய்ச் சாப்பாட்டைத் தவிர வேறு என்ன செய்யப் போகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் என்னிடம் தமிழில் பேசி வெகுநாள் ஆகிறது.

அண்ணன் வீடு இப்போது மார்க்கையன்கோட்டையில். சின்னமனூரில் பம்புசெட்டு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். மதினி பெயர் ஜெயக்கொடி. பத்தாம் வகுப்புவரை படித்தவர். பள்ளிக்கூடத்தில் வளையப்பந்து ஆடினவர்; ரிங் என்று நாம் சொல்வோமே, அந்த ரப்பர் வளையம். ஒருமுறை பெரியகுளத்தில் நடந்த போட்டிவரை போயிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு வளையத்தைத் தொட்டதில்லை.

அந்த ஊர் மைதானத்தில் சாயங்காலம் ஆம்பளைப் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். பெண்கள், சர்க்கரை வந்தவர்களும் முட்டி வலிக்காரர்களுமாக, டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்காக வாய்க்கால் ரோட்டில் டிராக்டருக்கும் டிப்பர் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்கள். நான் போன இரண்டாம் நாளே மதினி என்னை மைதானத்துக் கேட்டுக்குக் கூட்டிப்போனார்.

“பாருத்தா, இம்புட்டு எடம் சும்மா கெடக்கு. அந்தா அந்த மூலையக் குடுத்தாக் கூடப் போதும், ரெண்டு வலை கட்டிருவேன். இந்தக் கேட்டுல நின்னு வேடிக்கை பாத்தே எனக்கு வயசு போயிருச்சு.”

“உள்ள போய்க் கேக்க வேண்டியதுதான மதினி?”

“கேட்டேன். யாரு பொறுப்புன்னு கேக்குறாக. நான்தான்னு சொன்னேன். நீங்கன்னா யாருன்னு கேக்குறாக.”

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் தன் தலையில் விடியும் என்று பயந்தார். பேரூராட்சியில் கேளுங்கள் என்றார். பேரூராட்சியில் தேனிக்குப் போங்கள் என்றார்கள். தேனியில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள், கடைசி மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். இப்படியே பத்து நாள் பஸ்ஸில் போய் வந்ததில் ஒரு வாக்கியம் கிடைத்தது: பயிற்சிச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளரும் காப்பீடும் இருந்தால் ஆட்சேபணை இல்லை. இரண்டுமே லெஸ்டரிலிருந்து வர வேண்டியவை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மதினிக்குச் சான்றிதழ் வந்தால் காப்பீடு வரும், காப்பீடு வந்தால் சாவி வரும். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்தேன்.

3

பயிற்சிக்குச் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து எட்டுப் பெண்கள் வந்தார்கள். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் அங்கே கற்றதை அப்படியே இங்கே இறக்க ஆரம்பித்தேன். தன்னார்வலர் என்றால் யார் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது பாடத்திட்டம். தன் விருப்பத்தோடு, கைம்மாறு எதிர்பாராமல், பிறருக்காக உழைப்பவர் என்று சொன்னேன்.

“அப்ப நாங்க கல்யாணம் ஆனதுல இருந்து அதுதான?” என்றார் ஓர் அம்மா. பயிற்சி அதோடு அரைமணி நேரம் நின்றுபோனது.

அடுத்த பாடம், தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் சொன்னால் ஆட்களுக்கு உரிமை வரும், கூச்சம் போகும் என்று லெஸ்டரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே எட்டுப் பேரில் ஆறு பேர் ஒருவருக்கொருவர் உறவு. சின்னம்மாவை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? “கையைத் தூக்குங்க சின்னம்மா” என்று சொல்வதில் வராத உரிமை “கையைத் தூக்குங்க தனலட்சுமி” என்றால் வந்துவிடுமா? அந்தப் பாடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன்.

விட முடியாதது எண்ணிக்கை. உடம்பைச் சூடேற்றும் பயிற்சிகள் எல்லாம் எட்டுத் தாளத்தில் அமைந்தவை. தலைவர் முன்னால் நின்று ஒன்றிலிருந்து எட்டுவரை உரக்கச் சொல்ல வேண்டும். மதினி முன்னால் வந்து நின்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். நல்ல கணீர்க் குரல்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு...”

அங்கே நின்றுவிட்டார். கை மட்டும் காற்றில் ஒரு வீச்சு வீசியது. “ஏழு, எட்டு” என்று முடித்தார்.

என் அண்ணன் பெயர் ஆறுமுகம். இந்த ஒரு வரியை உங்களுக்குச் சொன்னால் போதும், நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான், மறந்து தொலைத்திருந்தேன். மதினி கடையில் உட்கார்ந்தால் போல்ட்டு அரை டஜன் என்றுதான் சொல்வார். பதினாறு அவருக்குப் பதினஞ்சும் ஒண்ணும். முல்லை ஆற்றுக்குப் போனால் கரைக்குப் போனேன் என்பார். காப்பிகூட அவர் வீட்டில் ஆறாது, சூடு போய்விடும். எழுதச் சொன்னால் தயக்கமில்லாமல் எழுதுவார். வாயால் மட்டும் வராது.

“இங்கிலீசுல சிக்ஸுன்னு சொல்லுங்க மதினி,” என்றேன்.

“போத்தா. அவுக கூட்டாளிக எல்லாம் அவுகள சிக்ஸுன்னுதான் கூப்பிடுறாக.”

இரண்டாம் தடவை எண்ணும்போது அந்த இடம் வந்ததும் கீழே நின்ற ஏழு பேரும் தாங்களாகவே “ஆறு” என்று கத்தினார்கள். கூடத்தில் அடுக்கியிருந்த தகர நாற்காலிகள் அதிர்ந்தன. மூன்றாம் தடவை இன்னும் பலமாகக் கத்தினார்கள். அதுவரை விறைப்பாக நின்ற சின்னம்மாவும் அந்த ஒரு எண்ணுக்காகக் காத்திருந்து, குதித்துக் கத்தினார். எனக்கும் சிரிப்பு வந்தது. இது நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்து அப்படியே வீடியோ எடுத்தேன். ஒவ்வொரு தலைவரும் குழுவை நடத்தும் வீடியோ லெஸ்டருக்குப் போக வேண்டும், அங்கே மதிப்பீட்டாளர் பார்த்துச் சான்றிதழ் தருவார். மதிப்பீட்டாளர் ஜூலிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு எண்ணிக்கையா புரியப்போகிறது?

4

ஜூலி நல்ல பெண். அதுதான் கஷ்டமே. வேலையை ஏனோதானோ என்று செய்கிறவராக இருந்திருந்தால் என் மதினி இன்றைக்கு அந்தப் படத்தின் நடுவில் நின்றிருப்பார். எட்டு வீடியோவையும் நியாயமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவர் தன் கைப்பேசியில் தமிழ் எண்களை ஒன்று முதல் பத்துவரை மனப்பாடம் செய்திருக்கிறார். மற்ற ஏழு பேருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டு எனக்கு எழுதினார்: ‘ஜெயக்கொடி அருமையானவர். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆறை மறந்துவிடுகிறார். பங்கேற்பாளர்கள் அவரைத் திருத்த வேண்டியிருக்கிறது. நினைவாற்றலில் ஏதாவது சிரமம் இருக்கிறதா?’

கையோடு பதில் எழுதினேன். அங்கேதான் என் இங்கிலீஷ் காலை வாரியது. எங்கள் பக்கத்தில் சில பெண்கள் கணவர் பெயரை எடுக்க மாட்டார்கள் என்று எழுதினேன். நம்மூர் இங்கிலீஷில் பெயரை எடுப்பது என்றால் பெயரை வாயால் சொல்வது. அவர்கள் இங்கிலீஷில் பெயரை எடுப்பது என்றால் கணவர் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வது. ஜூலி உற்சாகமாகப் பதில் போட்டார்: ‘நானும் என் கணவர் பெயரை எடுக்கவில்லை. இதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஆறுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’

கணவரின் பெயரில் ஆறு இருக்கிறது, பெயருக்கு ஆறு முகங்கள் உள்ளவர் என்று பொருள் என்று எழுதினேன். இரண்டு முகம் உள்ளவர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று அர்த்தம் வரும் மொழியில் என் அண்ணனுக்கு ஆறு முகம் கொடுத்துவிட்டேன். அது முருகனின் பெயர் என்று நான் அடுத்த கடிதம் எழுதுவதற்குள் விஷயம் அறக்கட்டளையின் பாதுகாப்புப் பிரிவுக்குப் போயிருந்தது. கணவரின் பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஒரு பெண், ஒருவேளை வீட்டில் மிரட்டலுக்கு ஆளாகியிருக்கலாம். கணவரும் உறவினரும் இல்லாத இடத்தில், மொழிபெயர்ப்பாளரை வைத்து, அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று எழுதினார்கள்.

ஆத்திரத்தில் நிவேதாவுக்குப் போன் போட்டேன். அவள் கேட்டுவிட்டு, “ஜூலி கேட்டதில் என்ன தப்பு? ஒரு எண்ணைச் சொல்ல விடாத வழக்கம் அடக்குமுறைதானே?” என்றாள். நானும் அவள் வயதில் இதையேதான் சொன்னேன். கல்யாணமான ஒரு வாரத்திலேயே விமான நிலையத்தில் அதிகாரியிடம் ராஜேந்திரன், ராஜேந்திரன் என்று என் கணவர் பெயரை உரக்கச் சொன்னவள் நான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சொன்னேன், சண்டையில் சொன்னேன், கடைசியில் வக்கீல் எதிரே உட்கார்ந்தும் சொன்னேன். அவர் இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். பெயரைச் சொன்னதால் எனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை, கூடவும் இல்லை.

விவாகரத்தான சமயத்தில் ஊரிலிருந்து எல்லோரும் போன் போட்டு ஆறுதல் சொன்னார்கள். மதினி போன் போட்டு, “சாந்தி, என்னத்தச் சொல்ல, எனக்கு அந்த வார்த்தையும் வராதுத்தா,” என்றார். பிறகு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த போன்களில் அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. ஆனால் இதையெல்லாம் நிவேதாவிடம் எந்த மொழியில் சொல்வது? ஆறுதல் என்ற சொல்லே அவளுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

5

பேட்டி நாளன்று அண்ணனையும் என்னையும் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இருவரும் எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்தோம். இங்கிலாந்திலிருந்து போலீஸ் பேசுகிறதாம் என்று தெருவில் ஏற்கெனவே பரவியிருந்ததால் டீக்கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். தனிமையில் பேச வேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு. மதினியோ எப்போதும் போல போன் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். உள்ளே சிக்னல் கிடைக்காது. ஆக, பேட்டியை முழுத் தெருவும் கேட்டது.

மொழிபெயர்த்தவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. மேடைத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“தங்கள் கணவரின் பெயரை உச்சரிக்கத் தங்களுக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளதா?”

“என்ன வெதச்சிருக்காக?”

“தங்கள் கணவர் தங்களை அச்சுறுத்துகிறாரா? அதாவது, பயமுறுத்துகிறாரா?”

“அவுகளா? பல்லியக் கண்டா என்னையத்தான் கூப்பிடுவாக.”

டீக்கடை சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “ஏத்தா சாந்தி, நான் வேணா கெசட்டுல பேர மாத்திக்கிறவா?” என்று என்னிடம் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறானா என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டான்.

“பெயரைச் சொன்னால் தங்களுக்கு ஏதேனும் தீங்கு நேரும் என்று அஞ்சுகிறீர்களா?”

“ஒண்ணும் நேராதுங்கய்யா.”

“பின்னர் ஏன் சொல்வதில்லை?”

மதினி போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மறுமுனையில் ஜூலி ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

“நேத்து அவுகளே சொல்லிட்டாக, ‘சொல்லித் தொலையேன், கெரவுண்டாச்சும் கெடைக்கும்’னு. நான் இம்புட்டு நாளாச் சொல்லாம இருந்தது அவுக சொல்லி இல்லங்கய்யா. இப்ப அவுக சொல்றாகன்னு சொல்லவும் மாட்டேன். இந்த வீட்டுல சோறு என்ன ஆக்குறதுன்னு அவுகளக் கேக்கணும். கடைய எப்பத் தெறக்குறதுன்னு அவுகளக் கேக்கணும். பொண்ண எங்கன குடுக்குறதுன்னு அவுக அண்ணன் தம்பி உக்காந்து பேசுனாக. இது ஒண்ணு மட்டுந்தான் யாரையும் கேக்காம நானா வச்சிக்கிட்டது. அதையும் நீங்க கேட்டா எப்பிடி?”

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்த்தவர் இவ்வளவையும் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: ‘இது தன் தனிப்பட்ட விருப்பம் என்கிறார்.’

எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மொழிபெயர்த்தவர் மேல் எரிச்சல், ஜூலி மேல் எரிச்சல். மதினி மேலும்தான். தனக்கென்று வைத்துக்கொள்ள ஓர் உரிமை கிடைத்தது, அதையும் போய்க் கணவர் பெயரிலா வைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு நாளுக்கு, ஒரு வீடியோவுக்கு, இரண்டு எழுத்தைச் சொல்லிவிட்டால் சாவி கைக்கு வந்துவிடும். இதை அவரிடமே சொன்னேன். “நீ சொல்றதும் சரிதான்த்தா,” என்றார். ஆனால் சொல்லவில்லை.

6

பாதுகாப்புப் பிரிவு, ஆபத்து எதுவும் இல்லை என்று எழுதிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எண்ணிக்கைப் பிரச்சினை அப்படியே நின்றது. ஐந்துவரை மட்டும் எண்ணிக்கொள்கிறோம் என்று கேட்டேன். எட்டுத் தாளம்தான் காப்பீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட பயிற்சி, மாற்ற முடியாது என்றார்கள். ஆறுக்குப் பதிலாக வேறொரு சொல்லைப் பதிவு செய்யலாமே என்று ஜூலி ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல மனசுதான். மதினியிடம் கேட்டேன்.

“வேற சொல்லு எதுக்கு? அந்த எடத்தத்தான் ஆளுக சொல்றாகளே. அதுக்குன்னே வர்றாகத்தா. அந்த எடம் வந்தாத்தான் எல்லாருக்கும் தெம்பே வருது.”

இதையும் எழுதினேன். தலைவர் எண்ண வேண்டும், பங்கேற்பாளர்கள் பின்பற்ற வேண்டும், பங்கேற்பாளர்கள் எண்ணினால் அங்கே தலைவர் இல்லை என்று பொருள் என்று பதில் வந்தது. மூன்று முறை படித்தேன். யார் எழுதினார்களோ, அவர்கள் ஒரு நாள் அந்தக் கூடத்தில் வந்து நின்றிருக்க வேண்டும்.

என் விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தது. ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது. பெண்கள் தினமும் வந்து, “கேட்டு எப்பத் தெறப்பாக?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சான்றிதழ் வாங்கிய ஏழு பேரில் மற்றவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள். மார்க்கையன்கோட்டையில் இருந்தது கார்த்திகா மட்டும்தான். இருபத்து நாலு வயது, மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள்.

“நீங்க சொல்லலேன்னா சாவி வராது மதினி,” என்றேன் கடைசியாக.

மதினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கார்த்திகாவப் போடு. கேட்ட மட்டும் தெறக்கச் சொல்லு.”

“உங்களுக்கு?”

“நான் வந்து ஆடிக்கிறேன். யாரு முன்னாடி நின்னா என்ன?” என்றார். அடுத்த பூண்டை எடுத்தார். அவருக்கு அது எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. மறுநாள் கார்த்திகாவின் பெயர் போனது. காப்பீடு வந்தது. தலைமையாசிரியர் சாவி கொடுத்தார். மதினிக்கு ‘உதவியாளர்’ என்று ஓர் அட்டை வந்தது. நான் விமானம் ஏறினேன். லெஸ்டரில் இறங்கியதும் அறக்கட்டளை எனக்குப் பூங்கொத்து கொடுத்தது.

7

இதை இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று மதியம் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும்போது ஜூலியிடமிருந்து மெயில் வந்தது. சான்றிதழைப் புதுப்பிக்க வருஷத்துக்கு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். கார்த்திகா அனுப்பியிருக்கிறாள். ஜூலி எழுதியிருந்தார்: ‘புதிய தலைவரும் ஆறை விட்டுவிடுகிறார். இவர் கணவருக்கும் அதே பெயரா? மறுபடி பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டுமா? பதில் வரும்வரை குழுவை நிறுத்திவைக்கலாமா?’

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நிஜம்தான். கார்த்திகா அஞ்சு என்று சொல்லிவிட்டுக் கையை வீசுகிறாள். மைதானம் முழுவதும் “ஆறு” என்று கத்துகிறது. காற்றையும் மீறிக் கேட்கிறது. கார்த்திகாவுக்குப் போன் போட்டேன்.

“எனக்குக் கல்யாணமே ஆகலக்கா,” என்றாள். “நான் மொதல்ல எல்லாம் எட்டும் சொல்லத்தான் செஞ்சேன். ஒருத்தரும் கேக்கல. ‘ஏத்தா, அது எங்க நம்பரு, நீ ஏன் சொல்ற’ங்கிறாக. நான் என்ன செய்ய?”

அப்புறம் மதினிக்குப் போன் போட்டேன். கடையில் இருந்தார். ஜூலி எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். “ஒங்க அண்ணனுக்குக் கார்த்திகா ஒருத்திதான் கொறை,” என்று சொல்லிச் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்றதும் கேட்டார்:

“நிப்பாட்டுறதுன்னா? கேட்டப் பூட்டிருவாகளா?”

“தெரியல மதினி. காப்பீடு நின்னா பூட்டத்தான் செய்வாக.”

“நேத்துக்கூட அம்பது பேரு வந்தாக.”

“தெரியும்.”

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமானை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. கடையில் வேறு யாரும் இல்லை போலிருக்கிறது.

“அப்பிடின்னா வேணாந்த்தா. நானே முன்னாடி நின்னு முழுசாச் சொல்லிர்றேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றேன். பூட்ட மட்டும் வேணாம்னு சொல்லு. நாக்குல வருதான்னு தெரியல. இரு, ஒருவாட்டி சொல்லிப் பாக்குறேன். நீ கேளு.”

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.”

மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. என் எதிரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் நீச்சல்குளத்துக்கு வழி கேட்க நின்றுகொண்டிருந்தார். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கும்படி, என்னால் முடிந்த மட்டும் உரக்க, மதினியை முந்திக்கொண்டு “ஆறு” என்று கத்தினேன்.

“ஏழு,” என்றார் மதினி.